ட்ரானசோவில் இருபத்தொன்பது பேர்

டோஸ்ட்ருப்
4 மார்ச் 2025

மேனுஜாவின் அப்பாவுக்கு,

உங்கள் நம்பரை நான் தடுத்து வைத்திருக்கிறேன் என்று மகளிடம் முறையிட்டீர்களாம். ஓம், தடுத்துத்தான் வைத்திருக்கிறேன். உங்கள் குரலைக் கேட்டால் என் கோபம் பாதி வழியில் இறங்கிவிடும். பிறகு நீங்கள் சொல்வதெல்லாம் நியாயமாகப் படும். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எழுதுங்கள். எழுத்தில் உங்களுக்குச் சளாப்பி மழுப்ப வராது.

நேற்றுப் பிரஷர் குளிசை முடிந்துவிட்டதென்று எங்கள் டொக்டரிடம் போனேன். மேசையில் இருந்த டேனிஷ்காரப் பிள்ளை கணினியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பவும் கணினியைப் பார்த்தாள். "நீங்கள் இப்ப எங்கடை ஆள் இல்லையே. உங்கடை டொக்டர் வடக்கிலை எல்லோ" என்றாள். எந்த வடக்கு என்று கேட்டேன். ட்ரானசோவாம். பெப்ரவரி முதலாம் திகதியிலிருந்து நான் ட்ரானசோ என்ற ஊரில் குடியிருக்கிறேனாம்! எனக்குப் பின்னால் நின்ற சனமெல்லாம் பார்க்கத் தலை குனிந்து திரும்பி வந்தேன்.

அந்த ஊருக்கு நான் ஒரே ஒரு தரம்தான் வந்தேன். உங்கள் அக்கா மகன் லவனின் புதுவீட்டுக் குடிபூரலுக்குப் போன வழியில், "சும்மா ஒருக்கால் இறங்கிப் பாப்பம்" என்று காரை நிற்பாட்டினீர்கள். நான் இறங்கவில்லை. ஒரு குளம், நாலு கூரை, ஒரு நாய். இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அன்றைக்கே நீங்கள் அந்த வீட்டுக்குக் கையெழுத்து வைத்து முடித்திருந்தீர்கள் என்று. மீன் பண்ணையில் வேலை கிடைத்துவிட்டது, வீடு வேலைக்குப் பக்கம் என்று பிறகு ஆயிரம் காரணம் சொன்னீர்கள். சரி, உங்கள் வீடு, உங்கள் குளம், நீங்களே இருங்கள் என்று நான் இங்கே மகளுடன் நின்றுவிட்டேன்.

இப்போது என்னையும் கேளாமல் விலாசப் பதிவில் அங்கே குடியேற்றியிருக்கிறீர்கள். ஏன்? அந்த ஊரில் என்ன இருக்கிறது, யார் இருக்கிறார்கள், என் பெயர் அங்கே யாருக்குத் தேவை? எல்லாம் விவரமாக எழுதுங்கள்.

சுசீலாதேவி


ட்ரானசோ
11 மார்ச் 2025

சுசீலாவுக்கு,

குளிசை எடுத்தீரா? முதலில் அதை எழுதும்.

ஊரைப் பற்றிக் கேட்டீர். பதினேழு வீடுகள், இருபத்தொன்பது பேர். அது குளமில்லை, ஏரி. ஒரு காலத்தில் இதைவிட இரண்டு மடங்கு பெரிதாம். நூற்றைம்பது வருடத்துக்கு முன்னர் யாரோ பணக்காரர்கள் சேர்ந்து தண்ணீரை வற்றவைத்து வயல் ஆக்கப் பார்த்தார்கள். வாய்க்கால் வெட்டுவதற்குச் சுவீடனிலிருந்து கூலிக்கு ஆட்களைக் கொண்டு வந்தார்கள். பாதி ஏரி வற்றியது, மறு பாதி வற்றமாட்டேன் என்று நின்றுவிட்டது. பணக்காரர்கள் போய்விட்டார்கள், கூலிக்கு வந்தவர்கள் இங்கேயே தங்கிவிட்டார்கள். ட்ரானசோவின் ஆதிக்குடிகள் அவர்கள்தான். பக்கத்து ஊர்க்காரர் இவர்களுக்குப் பெண் கொடுக்காமல் நெடுங்காலம் ஒதுக்கி வைத்திருந்தார்களாம். பிறகு பால்பண்ணை வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, கடை வந்தது. நூற்று நாற்பது பேர்வரை இருந்திருக்கிறார்கள். இப்போது அவை ஒன்றும் இல்லை. கடைசியாக இங்கே பிறந்த பிள்ளைக்குப் பதினொரு வயது.

இதெல்லாம் எமிலியா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவ இந்த ஊரின் சரித்திரத்தை வீடு வீடாக எழுதிக்கொண்டிருக்கிறா. எந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள், எப்போது பிறந்தார்கள், எப்போது கலியாணம் கட்டினார்கள், எப்போது செத்தார்கள் என்று எல்லாம் வேண்டுமாம். எங்கள் வீட்டுக்கும் வந்தா. கேட்டதற்கெல்லாம் வாயில் வந்த பதிலைச் சொல்லி அனுப்பினேன். கொம்யூன் கந்தோரில் நகரசபைக்காரருக்குச் சொல்லிச் சொல்லிப் பழகினதுதானே.

சனம் எப்படி என்று கேட்டால், எனக்கே இன்னும் பிடிபடவில்லை. ரோட்டில் கண்டால் எல்லோரும் கை காட்டுகிறார்கள். ஒருவரும் வாசற்படி ஏறுவதில்லை. நான் குப்பைத் தொட்டியை வெளியே வைத்தால் எதிர்வீட்டு யன்னல் திரை அசைகிறது.

டொக்டர் விஷயம் நான் சரிப்படுத்துகிறேன்.

தவராஜா


டோஸ்ட்ருப்
24 மார்ச் 2025

மேனுஜாவின் அப்பாவுக்கு,

குளிசை எடுத்தேன். என்னை இங்கேயே திரும்பப் பதிவு செய்யவும் விண்ணப்பித்துவிட்டேன். அதற்குக் கொஞ்ச நாள் செல்லுமாம். நீங்கள் ஒன்றும் சரிப்படுத்த வேண்டாம்.

சுவீடன்காரர் வாய்க்கால் வெட்டின கதை நன்றாக இருக்கிறது. நூற்றைம்பது வருடத்துக்கு முன்னர் நடந்ததை இவ்வளவு விவரமாக எழுதுகிற மனுசன், பெப்ரவரி மாதம் நடந்ததைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. நான் கேட்டது அதைத்தான். என்னை ஏன் பதிந்தீர்கள்?

இன்னொன்று. இருபத்தொன்பது பேர் என்கிறீர்கள். அதில் நானும் ஒருத்தியா? ஊருக்குப் போகாமலே சனத்தொகையில் சேர்ந்த ஆள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எமிலியா என்று ஒருத்தியைப் பற்றி எழுதினீர்கள். வீடு வீடாக வருவாவாம், பிறந்தது கட்டினது எல்லாம் கேட்பாவாம். வயதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். படிச்சவவா, தனிய இருக்கிறவவா, என்ன மாதிரி ஆள்? நான் ஒன்றும் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, சரித்திரம் அறியத்தான் கேட்கிறேன்.

சுசீலாதேவி


ட்ரானசோ
22 ஏப்ரல் 2025

சுசீலாவுக்கு,

எமிலியாவுக்கு வயது எழுபத்தெட்டு. பள்ளிக்கூட ரீச்சராக இருந்தவ. இடுப்பு எலும்பு மாற்றி, இரண்டு தடியுடன் நடக்கிறா. உமக்கு வேறு யோசனை இருந்தால் அதைக் கைவிடும்.

நான் இங்கே வேறு ஒரு கவலையில் இருக்கிறேன். இந்தப் பக்கத்துக் கொம்யூனில் ஒரு விதி இருக்கிறது. வீடு வாங்கினால் வருடம் முழுக்க அதில் ஆள் குடியிருக்க வேண்டும், கோடைக்கு மட்டும் வந்து படுத்துவிட்டுப் போகக் கூடாது. நான் இருக்கிறேன்தான். ஆனால் நான் விடிய வேலைக்குப் போய்ப் பின்னேரம் வருகிறேன், வீடு பகல் முழுக்க இருட்டாகக் கிடக்கிறது. இரண்டு பேர் என்று பதிந்த வீட்டில் ஒரு ஆளின் உடுப்புத்தான் கொடியில் காய்கிறது. சனம் பார்க்காமல் இருக்குமா?

போன கிழமை ஊர் மண்டபத்தில் ஒரு கூட்டம். நான் கதவைத் திறந்ததும் எல்லோரும் கதையை நிற்பாட்டினார்கள். கதைத்துக்கொண்டிருந்த இடத்தில் ஒருவன் இருமினான், ஒருத்தி கோப்பிக் கோப்பையைக் கழுவப் போனாள். எமிலியா மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தா. அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

உம்மை ஏன் பதிந்தேன் என்று கேட்டீர். அது ஒரு கட்டத்தில் புள்ளடி போடுகிற விஷயம், அவசரத்தில் போட்டுவிட்டேன். அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம்.

தவராஜா


டோஸ்ட்ருப்
26 மே 2025

மேனுஜாவின் அப்பாவுக்கு,

அவசரத்தில் போட்ட புள்ளடி! மரக்கறிக் கடையில் ஒரு கத்தரிக்காயை மூன்று தரம் திருப்பிப் பார்க்கிற ஆள் நீங்கள்.

இந்த முறை நீட்டி எழுதமாட்டேன். ஒரே ஒரு கேள்வி. ஜூன் பதினாறாம் திகதி அந்த வீட்டில் என்ன நடக்கப் போகிறது? யார் வருகிறார்கள்? எனக்கு ஒரு இடத்திலிருந்து கதை வந்தது. எந்த இடம் என்று சொல்லமாட்டேன். நேரான பதில் எழுதுங்கள்.

சுசீலாதேவி


ட்ரானசோ
2 ஜூன் 2025

சுசீலாவுக்கு,

ஜூன் பதினாறு திங்கட்கிழமை. குப்பை எடுக்கிற நாள். வேறு ஒன்றும் இல்லை. நீர் எங்கே என்ன கேள்விப்பட்டீரோ எனக்குத் தெரியாது.

நானும் உம்மை ஒன்று கேட்கிறேன், நீரும் நேராகச் சொல்லும். என்னைப் பற்றிக் கொம்யூனில் முறைப்பாடு கொடுத்தீரா?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. வியாழக்கிழமை வேலையால் நேரத்தோடு வந்தேன். பக்கத்து வளவு விவசாயி என் முன்கதவடியில் அளவு நாடாவோடு நிற்கிறான். கதவின் உயரத்தையும் அகலத்தையும் அளந்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டிருந்தான். "என்ன பார்க்கிறாய்?" என்று கேட்டேன். முகம் சிவந்துவிட்டது. "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை" என்று சொல்லி வேலியைப் பாய்ந்து போய்விட்டான். அறுபது வயது மனுசன், வேலி பாய்ந்து! ஊர் மண்டபத்தின் பின்னால் ஏதோ ஒரு குவியலைத் தார்ப்பாயால் மூடி வைத்திருக்கிறார்கள். கிட்டப் போனால் எமிலியா தடியை ஊன்றிக்கொண்டு குறுக்கே வந்து நிற்கிறா. "உங்கடை மனிசி எப்ப வாறா?" என்று மூன்று தரம் கேட்டுவிட்டா.

கதவை அளப்பது எதற்கு? பூட்டு மாற்றவா? சீல் வைக்கவா? குடியிருக்காத ஆளைப் பதிந்து வைத்திருக்கிறேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இந்த ஊரில் அது தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். ஊருக்கு வெளியே தெரிந்த ஆள் நீர். என்னில் கோபமென்றால் என்னோடு சண்டை பிடியும். என்னை இருக்கிற இடத்திலிருந்து எழுப்பாதேயும்.

தவராஜா


ட்ரானசோ
17 ஜூன் 2025

சுசீலாவுக்கு,

என் போன கடிதத்துக்கு நீர் பதில் எழுதவில்லை. எழுதாமல் விட்டதும் நல்லதுதான். நேற்று நடந்ததை எழுதுகிறேன், பிறகு நீர் என்னைத் திட்டும்.

விடிய ஆறரை மணியிருக்கும். வாசலில் பேரிரைச்சல். தாளம், குழல், ஆட்களின் சத்தம். கொம்யூன்காரர் சீல் வைக்க வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். சாரத்தைக் கட்டிக்கொண்டு ஓடிப் போய்க் கதவைத் திறந்தேன். ஊர் முழுக்க என் வாசலில் நிற்கிறது! கதவைச் சுற்றித் தேவதாரு இலையால் ஒரு வளைவு. இரவோடிரவாகக் கட்டியிருக்கிறார்கள், எனக்குக் காது மந்தம், ஒன்றும் கேட்கவில்லை. உச்சியில் வெள்ளித் தாளில் இருபத்தைந்து என்று வெட்டி ஒட்டியிருந்தது. எல்லோரும் பாடினார்கள். நான் சாரத்தோடு அந்த வளைவுக்குள் நின்று முழித்தேன்.

உமக்கு இன்னும் விளங்கியிருக்காது. எனக்கும் அங்கே நின்றபோது விளங்கவில்லை. எமிலியாதான் சொன்னா. கலியாணம் முடித்து இருபத்தைந்து வருடமானால் இங்கே அயலவர் வந்து வாசலில் வளைவு கட்டுவார்களாம். எப்போது கட்டினீர்கள் என்று அவ மார்ச்சில் கேட்டபோது, கந்தோர்களில் சொல்லிப் பழகின வாய், பதிவுக் கலியாண எழுத்து முடிந்த திகதியைச் சொல்லியிருக்கிறது! ஜூன் பதினாறு, இரண்டாயிரம். நாங்கள் அதை ஒரு நாளாக எண்ணினதே இல்லை. விசாவுக்காக நகரமன்றத்தில் பத்து நிமிடம் நின்று கையெழுத்து வைத்தோம். தாலி ஏறினது அடுத்த வருடம் ஆவணியில். அதுவரை நீர் பிரெடெரிசியாவில் என் அக்கா வீட்டில் இருந்தீர், நான் டோஸ்ட்ருப்பில் இருந்தேன். இதைச் சொன்னதும் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். "கலியாணம் முடிச்சும் வேற வேற வீட்டிலையோ?" என்று அந்த விவசாயி கேட்டான்.

அதற்குப் பிறகுதான் எமிலியா, "சுசீலா எங்கை, எழுப்பிக் கூட்டிக்கொண்டு வாருமன்" என்றா.

வேலைக்குப் போய்விட்டா என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருக்கலாம், நம்பியிருப்பார்கள். ஆனால் பாட்டுப் பாடின முகங்களைப் பார்த்துப் பொய் சொல்ல வரவில்லை. எனக்குத் தெரிந்த டேனிஷில் சொன்னேன். அவ இந்த வீட்டில் ஒரு நாளும் இருந்ததில்லை, நான் அவவைக் கேளாமல் வீடு வாங்கினேன், கேளாமல் அவவின் பெயரைப் பதிந்தேன், அவ கோபத்தில் இருக்கிறா, பிழை என்னுடையது.

ஏன் பதிந்தேன் என்றும் சொன்னேன். அதை நீர் எத்தனையோ தரம் கேட்டீர், உமக்குச் சொல்லாமல் அவர்களுக்குச் சொன்னேன். விலாசம் மாற்றுகிறபோது மனைவியும் வருகிறாவா என்று கணினி கேட்டது. இல்லை என்று அழுத்தினேன். அப்படியென்றால் பிரிந்து வாழ்கிறீர்களா என்று அடுத்த கேள்வி. அந்தக் கட்டத்தில் எனக்குக் கை வைக்க முடியவில்லை, சுசீலா. திரும்பிப் போய் முதல் கேள்விக்கு ஓம் என்று போட்டேன்.

பிறகு விவசாயி, "அப்ப உந்த வளைவைக் கழட்டிறதோ?" என்று கேட்டான். எமிலியா தடியால் அவன் காலில் ஒரு தட்டுத் தட்டினா. இருபத்தைந்து வருடம் இருபத்தைந்து வருடம்தான் என்றா.

வளைவு கட்டினவர்களுக்கு வீட்டுக்காரர் காலைச் சாப்பாடு கொடுக்க வேண்டுமாம், அதையும் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. ரவை கிடந்தது, உப்புமா கிண்டினேன். செத்தல் மிளகாய் கொஞ்சம் கூடிவிட்டது. ட்ரானசோ முழுக்க இருமிக்கொண்டு சாப்பிட்டது.

கொம்யூனில் முறைப்பாடு கொடுத்தீரா என்று எழுதினேனே, அதை நினைக்க வெட்கமாக இருக்கிறது. எமிலியாவிடம் ஊர்ச் சனத்தொகையை இருபத்தெட்டு என்று திருத்தச் சொல்லிவிட்டேன்.

தவராஜா


டோஸ்ட்ருப்
20 ஜூன் 2025

மேனுஜாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். இரண்டாந்தரம் வாசித்தது பிழை பிடிக்க. பிடிக்க முடியவில்லை. ஏனென்றால் நான் அங்கே நின்றேன்.

மே மாதம் எமிலியா என் நம்பரைத் தேடிப் பிடித்துப் போன் எடுத்தா. "ஜூன் பதினாறு காலமை நீ வீட்டிலை நிப்பியா?" என்று கேட்டா. ஓம் என்று சொல்லி வைத்தேன். பிறகு, "நான் எடுத்தது அவருக்குத் தெரிய வேண்டாம்" என்றா. நீங்களே சொல்லுங்கள், ஒரு பெண்பிள்ளை இப்படிக் கேட்டால் எந்த மனிசிக்கு நெஞ்சு எரியாது? நான் நிற்காவிட்டால் என்ன செய்யப் போகிறா என்றுதான் எனக்கு யோசனை ஓடியது. எழுபத்தெட்டு வயது என்று எழுதினீர்கள். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற எனக்கு எழுபத்தெட்டு வயதுக் குரல் தெரியும், அது அந்தக் குரல் இல்லை என்று நினைத்தேன். நீங்களும் பதினாறாம் திகதி குப்பை எடுக்கிற நாள் என்று எழுதினீர்கள். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மேனுஜா என்னைக் காரில் கூட்டி வந்தாள். வழி நெடுக டேனிஷில் திட்டினாள், தகப்பனை வேவு பார்க்கத் தாய்க்குக் கார் ஓட்டுவது தன் வேலை இல்லையாம். பக்கத்து நகரத்தில் படுத்தோம். விடிய வந்து உங்கள் வீட்டுக்கு எதிரே, படகு வைக்கிற கொட்டிலுக்குப் பின்னால் நின்றோம்.

அந்த வளைவைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் இல்லத்தில் இருக்கிற கிழவிகளின் அறையில் இந்தப் படம் தொங்காத சுவர் இல்லை. வாசலில் பச்சை வளைவு, அதற்குள் இரண்டு பேர். எங்களுக்கு எந்தக் கணக்கில் இருபத்தைந்து என்று மட்டும் பிடிபடவில்லை, பிறகு எழுத்து நாள் ஞாபகம் வந்தது. மேனுஜா, "போங்கோ அம்மா" என்று என் முதுகில் தள்ளினாள். அவள் தமிழில் சொன்னதே எனக்கு அதிசயம்.

நான் போகவில்லை. வேவு பார்க்க வந்தவளாக அந்த வளைவுக்குள் நுழைய எனக்கு மனம் வரவில்லை. அப்போது நீங்கள் கதைக்கத் தொடங்கினீர்கள். உங்கள் காது மந்தத்துக்கு நீங்கள் இரகசியம் சொன்னாலும் ரோட்டுக்குக் கேட்கும். எல்லாம் கேட்டது. பிழை உங்களுடையது என்று சொன்னதும் கேட்டது, கட்டத்தில் கை வைக்க முடியவில்லை என்று சொன்னதும் கேட்டது. கொட்டிலுக்குப் பின்னால் இருந்து அழுதேன். பிறகு காரில் ஏறி வந்துவிட்டோம்.

ஒரு வேளை, ஆட்களுக்கு முன்னால் நல்ல பிள்ளைக்கு நடித்துவிட்டு எனக்கு வேறு மாதிரி எழுதுவீர்களோ என்று மூன்று நாள் காத்திருந்தேன். அப்படியே எழுதியிருக்கிறீர்கள். சாரத்தைக்கூட விடவில்லை.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். இருபத்தைந்து வருடத்தில் நீங்கள் எனக்கு எத்தனையோ செய்தீர்கள். விசாவுக்கு ஓடினீர்கள், வீடு பார்த்தீர்கள், வேலை பார்த்துத் தந்தீர்கள். எல்லாம் செய்துவிட்டு வந்துதான் சொன்னீர்கள். என்னை அந்த வீட்டில் நிற்பாயா என்று கேட்டது முன்பின் தெரியாத எமிலியா. நீங்கள் கேட்கவில்லை. நேற்று வந்த கடிதத்தில்கூட என்னைக் கழித்து ஊரை இருபத்தெட்டாக்கிவிட்டு வந்துதான் சொல்கிறீர்கள்.

சுசீலாதேவி


ட்ரானசோ
24 ஜூன் 2025

சுசீலாவுக்கு,

மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். வீட்டைப் பற்றியும் ஏரியைப் பற்றியும் எழுதத் தொடங்கினேன், அது உம்மை மயக்குகிற எழுத்தாகப் போனது, அதனால் கிழித்தேன்.

இங்கே வந்து என்னோடு இருக்க உமக்கு விருப்பமா? விருப்பமில்லை என்றால் நான் வீட்டை விற்றுவிட்டு அங்கே வரட்டுமா? இரண்டில் எதற்கும் நான் இன்னும் ஒன்றும் செய்யவில்லை. யாருக்கும் சொல்லவில்லை. எங்கேயும் புள்ளடி போடவில்லை. நீர் சொல்லும்வரை ஒன்றும் செய்யமாட்டேன்.

தவராஜா


டோஸ்ட்ருப்
30 ஜூன் 2025

இஞ்சேருங்கோ,

கடிதத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பிரித்தேன். உள்ளே ஏதாவது வீட்டுச் சாவியோ பஸ் டிக்கெட்டோ அனுப்பியிருப்பீர்களோ என்று பயந்தேன். கேள்வி மட்டும்தான் இருந்தது. மேனுஜா வந்து ஏன் அழுகிறாய் என்று கேட்டாள், அப்பா கேட்டிருக்கிறார் என்றேன். என்ன கேட்டார் என்றாள். அதை அவளுக்கு விளங்கப்படுத்த எனக்குத் தெரியவில்லை.

வீட்டை விற்க வேண்டாம். ஜூலையில் எனக்கு மூன்று கிழமை லீவு இருக்கிறது. வாறன். அந்த ஊர் பிடித்து வரவில்லை, குளம் பிடித்தும் வரவில்லை. நீங்கள் கேட்டபடியால் வாறன். மூன்று கிழமை முடிய இருப்பதா போவதா என்று நான் சொல்வேன், அதுவரை நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது.

உங்கள் நம்பரை இன்றைக்கு விடுவித்துவிட்டேன். பின்னேரம் எடுங்கள்.

சுசீலா